ஆட்டிக் நிலத்து ஓங்கல்கள் தேயும் விதம்

வடமுனைக்கு அணித்தாயுள்ள ஸ்வல்பாட் தீவுக்கூட்டத்தில் ஸ்பிற்ஸ்பேர்கன் என்பது தலைமைத் தீவு. அத்தீவின் நடுப்பாகத்தில், கடல் நிலத்தினுள் நெடுந்தூரம் புகுந்து கிடக்கும் நுழைகழி ஒன்றின் கரையிலே, ரெம்ப்ளெற் என்னும் மலை நிற்கின்றது. நோர்வே மொழியில் அப்பெயருக்குக் கோயில் என்பது பொருள். பெயரிட்டோர் மிகைபடக் கூறினாரல்லர். கிடையாக ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பட்ட பாறைப் படைகள் மலைமுகத்தில் நிலை நிலையாகத் தோன்றுகின்றன. மேலிருந்து கீழாக இறங்கும் ஒடுங்கிய பள்ளங்கள் அம்முகத்தை இடைவெளி விட்டுப் பிரித்துத் தூண் வரிசைகளாக்கியிருக்கின்றன. கோபுரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் படத்தைக் கண்டவுடன் சிற்பியின் கை நினைவுக்கு வருதல் இயல்பு. பள்ளம் ஒவ்வொன்றின் வாயிலும், சூடடித்து முடித்த களத்தில் நெல் குவிந்திருப்பது போல, உடைகல் குவிந்து கிடக்கின்றது. செதுக்கியபோது உதிர்ந்த கல் அது. செதுக்கிய கை யாருடையது?

விடை எளிதென்றே நம்மில் அநேகர் எண்ணுவோம். புவியியல் வகுப்பிலே நாம் படித்த பாடம் இது: பாறையின் வெடிப்பில் நீர் புகுகின்றது, இரவிலே உறைகின்றது, உறையும் நீர் தன் கனவளவில் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுகின்றது, பெருகும் பனிக்கட்டி ஆப்பு அடித்தாற்போல் பாறையைப் பிளக்கின்றது, பகலில் உருகி, மீண்டும் இரவில் உறைந்து, இவ்வாறு பன்முறை நிகழக் கல் உடைந்து வீழ்கின்றது. குளிர்ப்பெட்டியில் மறந்து வைத்த போத்தல் வெடித்திருப்பதைக் கண்டவர் எவரும் இதனை ஐயுறார். தேர்வுத்தாளில் இவ்விடையை எழுதிப் புள்ளி பெற்றவர்களுள் நானும் ஒருவன். பின்னர் பல ஆண்டுகள் அதனையே நானும் பிறர்க்குச் சொல்லிக் கொடுத்தேன். அது முழுப் பொய்யன்று. ஆயினும் ஆட்டிக் ஓங்கல்களின் வரலாற்றுக்கு அது போதிய விடையுமன்று. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் குறையே.

ஓங்கல் என்றது செங்குத்தாகவோ ஏறத்தாழச் செங்குத்தாகவோ நிற்கும் பாறை முகத்தை. அதன் அடியிற் குவியும் உடைகல்லைச் சிதைகற் குவை என்போம். ஆண்டு முழுவதும் உருகாது உறைந்தே கிடக்கும் நிலத்துக்கு நிலையுறை நிலம் என்று பெயர் கொள்வோம். ஸ்வல்பாட்டிலே இவ்வுறைவு கடலோரப் பள்ளத்தாக்குகளில் 100 மீற்றருக்குக் குறைவாகவும், உயர்ந்த மலைகளினுள்ளே 400 அல்லது 500 மீற்றர் வரையிலும் ஆழ்ந்திருக்கின்றது. கோடையிலே மேற்புறத்தில் ஒரு மீற்றரளவோ சிறிது கூடவோ மட்டும் உருகும். மாரி வந்ததும் அதுவும் உறைந்துவிடும். இங்கே கூறப்படும் பாகைகள் யாவும் செல்சியசு அளவின.

பழைய பாடத்திலுள்ள இடர் யாதெனிற் கூறுவேன். மூடிய கலத்தினுள் உறையும் நீர் பேரமுக்கத்தைத் தோற்றுவிக்கும் என்பது உண்மை. பூச்சியத்துக்குக் கீழ் 22 பாகையில் அவ்வமுக்கம், கணிப்பின்படி, ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 2,100 கிலோகிராம் வரை ஏறலாம். பாறையை இழுத்துப் பிளப்பதற்கு வேண்டிய விசை பெரும்பாலும் இதிற் பத்திலொரு பங்கையும் எட்டாது. கணக்களவில் பாறைக்குத் தப்ப வழியில்லை. ஆனாற் கணக்கு எடுத்துக்கொண்டது மூடிய கலத்தை. மலைமுகத்து வெடிப்போ வாய் திறந்து கிடப்பது. அதிலுள்ள நீர் உறையும்போது பனிக்கட்டி வெளிப்பக்கமாகப் பிதுங்கிவிடும். அன்றியும், வெடிப்பும் நுண்டுளைகளும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரால் நிரம்பியிருந்தாலன்றி, பெருகும் பனிக்கட்டிக்கு உள்ளேயே இடமிருக்கும், அமுக்கம் பிறவாது. அத்துணை நிரம்பிய பாறை ஓங்கல் முகத்திலே அரிது. பாறை துருவப் பகுதிகளில் மிக வறண்டிருப்பதையும் அளந்து கண்டிருக்கின்றார்கள். நாம் கண்ட போத்தலுக்கு மூடி இருந்தது. மலைக்கு மூடி இல்லை.

வேறு வழியைக் காட்டும் முதற் குறிப்பு பாறையிலிருந்து வரவில்லை, மண்ணிலிருந்து வந்தது. குளிர்நாடுகளிலே மாரியில் நிலம் உப்பி எழும்; வீதிகள் பிளக்கும். இதற்கும் நீரின் 9 சதவீதப் பெருக்கமே காரணமெனக் கருதிவந்தார்கள். ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்ரீவன் ரேபர் என்னும் புவிச்சரிதவியலாளர் 1929 இலும் 1930 இலும் வெளியிட்ட ஆய்வுகளில் ஓர் எளிய பரிசோதனையால் அக்கருத்தை வீழ்த்தினார். நீருக்குப் பதிலாக, உறையும்போது சுருங்கும் இயல்புடைய பென்சீன் போன்ற திரவத்தை மண்ணில் ஊறவைத்து உறையச் செய்தார். சுருங்க வேண்டிய மண் அப்பொழுதும் உப்பி எழுந்தது. எனவே பெருக்கம் அதற்குக் காரணமாக இருத்தல் இயலாது. உறையும் இடத்தை நோக்கி, உறையாத கீழ்ப்பகுதியிலிருந்து திரவம் ஈர்க்கப்படுகின்றது. அது அங்கே படைபடையாக உறைந்து சேர்ந்து, தடித்து, மேலுள்ளதைத் தூக்குகின்றது. பரிசோதனைகள் பல படித்திருக்கின்றேன். இதனைப் போலச் சுருக்கமாக ஒரு பிழையைத் தீர்த்துவைத்தது சிலவே.

மண்ணுக்குப் பொருந்துவது கல்லுக்கும் பொருந்துமா என்னும் வினா விடைபெற அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. யோசப் வோல்டர், பேர்ணாட் ஹலெற் என்னும் இருவர் 1985 இல் வெளியிட்ட கணிதக் கோட்பாடு அதனை நிலைநாட்ட முயன்றது. பனிக்கட்டிக்கும் பாறைக்கும் இடையே, கடுங்குளிரிலும் உறையாத மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று எஞ்சியிருக்கும். அப்படலம் பாறையின் நுண்டுளைகள் வழியே வெப்பங்கூடிய பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு நீரை இழுக்கின்றது. வந்த நீர் பனிக்கட்டியோடு சேர்ந்து உறைய, வெடிப்பினுள்ளிருக்கும் பனிக்கட்டி தடிக்கின்றது. வெடிப்பின் முனை சிறிது சிறிதாக முன்னேறுகின்றது.

கோயிற் கோபுரத்தின் இடுக்கொன்றிற் பறவை இட்ட வித்திலிருந்து ஆலங்கன்றோ அரசங்கன்றோ முளைத்துவிடுவதை நாம் எல்லாரும் கண்டிருக்கின்றோம். வேர் ஒரே நாளில் வெடித்துச் சுவரைப் பிளப்பதில்லை. கிடைத்த ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சித் தடிக்கின்றது; தடித்த அளவுக்குச் சுதை விலகுகின்றது. பாறையினுள் வளரும் பனிக்கட்டியும் அத்தன்மையது. போத்தலை மறந்து, வேரை நினைத்துக்கொள்வோமாயின், ஆட்டிக் ஓங்கல் பற்றிய பல புதிர்கள் தாமாகவே அவிழும்.

அவற்றுள் முதலாவது குளிரின் அளவு பற்றியது. கூடிய குளிரே கூடிய உடைவைத் தரும் என்று எண்ணுதல் இயல்பு. ஆனால் அளவு மீறிய குளிரில் அம்மெல்லிய நீர்ப்படலம் ஒடுங்கிவிடும்; நீர் நகராது; வேருக்கு ஈரம் கிடையாது. மிதமான குளிரிலோ பனிக்கட்டிக்குத் தள்ளும் வலு போதாது. இரண்டுக்கும் நடுவே, பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 4 பாகைக்கும் 15 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையிலேயே வெடிப்பு விரைந்து வளரும் என்பது வோல்டர், ஹலெற் ஆகியோரின் கணிப்பு. பாறைக்குப் பாறை இவ்வெல்லை வேறுபடும். அடுத்தது, உறைவும் உருகலும் மாறி மாறி நிகழவேண்டுமென்னும் நிபந்தனை தேவையற்றுப் போகின்றது. ஸ்வல்பாட்டிலே மாரியில் மாதக்கணக்காகச் சூரியன் எழுவதில்லை. பாறையின் உட்புறம் பகல் இரவு என்னும் வேறுபாட்டை அறியாமலே நெடுங்காலம் ஒரே குளிரில் இருக்கும். பழைய பாடத்தின்படி அக்காலம் வேலையற்ற காலம். புதிய விளக்கத்தின்படி, நீர் கிடைக்குமாயின், அதுவே வேலைக்காலம்.

உடைவு நிகழும் இடமும் மாறிவிடுகின்றது. யூலியன் மேற்றன் என்பவரும் அவருடன் ஆராய்ந்தோரும் 2006 இல் வெளியிட்ட பரிசோதனை இதற்குச் சான்று. பிரான்சு நாட்டு மென்சுண்ணக்கற் பாளங்களை எடுத்து, அடிப்பாகத்தை எப்போதும் உறைந்த நிலையில் வைத்து, மேற்பாகத்தை மட்டும் பலமுறை உருகவும் உறையவும் விட்டார்கள். ஆட்டிக் நிலத்தின் மாரியையும் கோடையையும் ஆய்வுகூடத்துள் அவ்வாறு சுருக்கி அமைத்தார்கள். பாளங்களிலே பெரிய வெடிப்புக்கள் கல்லின் மேற்றோலில் அல்லாமல், நிலையுறை பகுதியின் மேல்விளிம்பை அடுத்து, முகத்துக்கு ஒத்தபடியாக எழுந்தன. அவ்வெடிப்புக்களிற் பனிக்கட்டிப் படைகள் இருந்தன. கோடையில் மேலிருந்து இறங்கும் ஈரம் அவ்விளிம்பிலே தங்குகின்றது. மீண்டும் குளிர் வரும்போது அங்கேயே சேர்ந்து உறைகின்றது. அதனால், மேலே உறுதியாகத் தோன்றும் பாறைமுகத்துக்குச் சிறிது உள்ளே, வெளியிலிருந்து காணமுடியாத ஓரிடத்தில், பனிக்கட்டி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.

இவ்வேலையாற் பாறை உடைந்தாலும் கல் உடனே வீழ்ந்துவிடுவதில்லை. பிளந்த பனிக்கட்டியே பிளவுபட்ட துண்டை மலையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டும் இருக்கின்றது. அது உருகும்போதுதான் பிடி விடுகின்றது. ஆதலினாலேயே கல்வீழ்ச்சி மிகுந்த காலம் நடுமாரியன்று; இளவேனிலும் கோடைத் தொடக்கமும் ஆகும். மே, யூன் மாதங்களில் வெயில் படும் முகங்களின் அடியில், வெண்பனியின்மேற் புதிதாய் வீழ்ந்த கருங்கற்கள் சிதறிக் கிடக்கக் காணலாம். பிளக்கும் காலம் ஒன்று. வீழும் காலம் மற்றொன்று.

வீழ்வதன் அளவை அறியாமற் கல் வீழ்கின்றது என்று சொல்லிவிட்டாற் போதுமா? பத்து ஆண்டில் ஒரு கல்லா, ஒரு நாளிற் பத்தா? இதனைப் பொறுமையோடு அளக்கத் தலைப்பட்டவர் சுவீடன் நாட்டு அண்டேர்ஸ் ராப். அந்நாட்டின் வடகோடியில், நோர்வே எல்லைக்கு அருகே, 68 பாகை வட அகலக்கோட்டில், கார்க்கவாகே என்னும் பள்ளத்தாக்கு உண்டு. அதன் பரப்பு ஏறத்தாழ 15 சதுர கிலோமீற்றர். இருபுறமும் மைக்காச் செறிந்த படைப்பாறை ஓங்கல்கள். நடுவே பாரிய பாறைத்துண்டுகளும் ஓர் ஆறும். 1952 முதல் 1960 வரை அவர் அங்கே ஆய்ந்தார். அவர் கையாண்ட கருவிகளைக் கேட்டால் மாணவர்கள் வியப்புறுவார்கள்; பள்ளிக்கூடத்துச் செலவில் வாங்கக்கூடியவையே பெரும்பாலும். வெண்பனியின்மேற் புதிதாக வீழ்ந்த கற்களை எண்ணி அளந்தார். ஓங்கலடியிற் சாக்குத்துணி விரித்து, உதிரும் சிறுகல்லைச் சேர்த்து நிறுத்தார். சிதைகற் குவைகளின் குறுக்கே நிறக்கோடு வரைந்து, ஆண்டு பல கழிந்தபின் அக்கோடு எவ்வளவு வளைந்ததென்று பார்த்தார். ஆற்றுநீரை எடுத்து அதில் கரைந்திருந்த உப்புக்களையும் கணித்தார்.

கண்ட அளவு இது. கார்க்கவாகே ஓங்கல்கள் ஆண்டொன்றுக்கு 0.04 முதல் 0.15 மில்லிமீற்றர் வரை பின்வாங்குகின்றன. நம் தலைமயிரின் தடிப்பை ஒத்த அளவு. பனிக்கட்டியாறுகள் அப்பள்ளத்தாக்கை விட்டு நீங்கிச் சுமார் 10,000 ஆண்டுகள் ஆயின என்று கொண்டு இதே வீதத்திற் பெருக்கினால், ஓங்கல் 40 சென்ரிமீற்றர் முதல் ஒன்றரை மீற்றர் வரைதான் தேய்ந்திருக்கும். ஸ்பிற்ஸ்பேர்கனிலும் ராப் 1954 இல் ரெம்ப்ளெற் மலையடியில் நின்று, பழைய நிழற்படங்களைத் தாம் கண்ட தோற்றத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். நாம் முதலிற் கண்ட கோயிலின் தூண்களும் ஒரு மனிதனின் வாழ்நாளில் வேறுபாடு காட்டாத அளவுக்கே தேய்கின்றன. அங்கும் ஆண்டுக்கு மில்லிமீற்றரின் சிறு பின்னமே கணக்கு.

கணக்கின் மற்றொரு பகுதி இன்னும் வியப்புக்குரியது. எவ்வளவு பொருள், எவ்வளவு உயரம் கீழிறங்கியது என்பதைத் தொன்னால் மீற்றரைப் பெருக்கி, ஒவ்வொரு செயலின் பங்கையும் ராப் ஓராண்டுக்கெனக் கணித்தார். கல்வீழ்ச்சியின் பங்கு ஏறத்தாழ 20,000 தொன்-மீற்றர். கல்லும் மண்ணும் கலந்த பனிச்சரிவுகள் அதனோடு கிட்டத்தட்டச் சமம். மண்சரிவும் சேற்றோட்டமும் 96,000 அளவில். இவற்றுட் பெரும்பாகம் 1959 அக்டோபரிற் பெய்த ஒரே பெருமழையின் வேலை. யாவற்றுக்கும் மேலாக நின்றது எதுவெனில், ஓசையின்றி ஆற்றுநீரிற் கரைந்து சென்ற உப்பு. அதன் பங்கு 136,000 தொன்-மீற்றருக்கும் மேல். குளிர்நிலத்தில் இரசாயனச் சிதைவு புறக்கணிக்கத்தக்கது என்று நூல்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. உலகின் குளிர்மிக்க பகுதியொன்றில் மலையைத் தேய்க்கும் தலையாய தொழிலாளி கரைசல் என்பதை அந்நூலாசிரியர்கள் ஏற்கத் தயங்கியதில் வியப்பில்லை. பின்வந்தோர் காரணத்தையும் கண்டார்கள். அப்பாறைகளில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைற்று என்னும் கனியம் உண்டு. அது நீரோடும் ஒட்சிசனோடும் தாக்குற்றுக் கந்தகவமிலத்தைத் தோற்றுவிக்க, அவ்வமிலம் கல்லைக் கரைக்கின்றது. எல்லாப் பள்ளத்தாக்குகளுக்கும் இக்கணக்குப் பொருந்தும் என்று கொள்ளலாகாது. பைரைற்று இல்லாத பாறைக்கு வேறு கணக்கு.

பாறையின் இயல்பே ஓங்கலின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றது என்பதையும் இவ்விடத்தே சொல்லவேண்டும். பாறையில் இயல்பாகவே அமைந்துள்ள வெடிப்புக் கோடுகளை மூட்டுக்கள் என்பர். மூட்டு நெருங்கிய பாறை சிறுகல்லாக உதிரும். மூட்டு அகன்ற பாறை வீட்டளவான துண்டாக வீழும். ரெம்ப்ளெற் மலையில் வன்மையான படைகள் படிபோல் முன்னே நிற்க, மென்மையான படைகள் உள்வாங்கியிருப்பது இதனாலேயே. பள்ளங்கள் மூட்டு நெருங்கிய இடங்களிற் தொடங்கி, நீரும் பனிச்சரிவும் அவ்வழியே ஓடியதால் ஆழ்ந்தன. அடியில் உள்ள குவை கிடையோடு 30 முதல் 38 பாகை வரை சாய்ந்து நிற்கும். அதற்கு மேற் செங்குத்தாக உடைகல் தங்காது. பெரிய கல் கூடிய வேகத்தோடு நெடுந்தூரம் உருளுமாதலால் குவையின் அடியிற் பருங்கல்லும் உச்சியிற் சிறுகல்லும் இருக்கும். இவ்வொழுங்கைப் படங்களிற்கூடத் தெளிவாகக் காணலாம். அக்கற்களின் இடுக்குகளிற் சிற்றோக்கு எனப்படும் கடற்பறவைகள் கூட்டங்கூட்டமாக முட்டையிடுகின்றன. அவற்றின் எச்சத்தால் உரமூட்டப்பட்டு, வெறுங்கல் நிலத்தின் நடுவே ஓங்கலடியில் மட்டும் பசும்புல் செழித்திருக்கும்.

கடலோர ஓங்கல்களைப் பற்றி ஒரு சொல். நோர்வேயின் மேற்குக் கரையிலும் ஸ்வல்பாட்டிலும், மலைக்கும் கடலுக்கும் இடையே கடல்மட்டத்தை ஒட்டித் தட்டையான பாறைத்தளம் ஒன்று உண்டு. துருவப் பயணத்தாற் புகழ்பெற்ற நான்சன் 1922 இல் அதனைப்பற்றி ஒரு பெருநூல் எழுதினார். அலையொன்றே அத்தளத்தை வெட்டவில்லை. ஈரம் என்றும் அறாத கரையோரத்தில் உறைவு கல்லைப் பிளக்க, பிளந்ததை அலையும் கடற்பனிக்கட்டியும் வாரிச் சென்றன என்பது அவர் கொள்கை. அத்தளம் தோன்றியவாறு பற்றிய வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இதுவரை கூறியன யாவும் மயிரிழை அளவில் நடப்பவை. கல்லைப் பிளக்கும் பனிக்கட்டியே கல்லைப் பிடித்தும் நிற்கின்றது என்று மேலே கூறியதன் முழுப்பொருளை இனிக் காண்போம். வெடிப்புக்களை நிரப்பி உறைந்திருக்கும் பனிக்கட்டி, ஒரு மலைமுகம் முழுவதையும் சாந்து போலப் பிணைத்திருக்கலாம். அச்சாந்தின் வலு வெப்பநிலையைப் பொறுத்தது. டேவீஸ் என்பவரும் அவரது கூட்டாளிகளும் 2001 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பனிக்கட்டி நன்கு குளிர்ந்திருக்கும்போது உறுதியாய் நிற்கும் சாய்வும், பனிக்கட்டியே இல்லாவிடினும் நிற்கக்கூடிய சாய்வும், வெடிப்பிலுள்ள பனிக்கட்டி பூச்சியத்துக்குக் கீழ் ஒன்றரைப் பாகைக்கும் பூச்சியத்துக்கும் இடையே வெப்பமுறும்போது நிலைகுலையக்கூடும். உருகவேண்டும் என்பதில்லை; உருகும் தறுவாயை அணுகினாற் போதும்.

ஆட்டிக் நிலம் உலகின் ஏனைய பகுதிகளிலும் பன்மடங்கு விரைவாக வெப்பமடைந்து வருகின்ற இக்காலத்தில் இது வெறும் ஆய்வுகூடச் செய்தியன்று. கிறீன்லாந்தின் மேற்குக் கரையில், கறாற் நுழைகழியை ஒட்டிய மலைமுகம் ஒன்று 2017 யூன் 17 ஆந் திகதி இரவிற் பெயர்ந்து கடலில் வீழ்ந்தது. எழுந்த பேரலை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நூகாட்சியாக் என்னும் சிற்றூரை அடித்து, வீடுகளைக் கடலுக்குள் இழுத்துச் சென்றது. நால்வர் மாண்டனர். அவ்வூராரும் அயலூராகிய இல்லோர்சூட்டைச் சேர்ந்தோரும் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். அதே மலையில் இன்னும் பல பகுதிகள் அசைந்துகொண்டிருப்பது தெரிந்தமையே காரணம். ஆராய்ந்தோர் நிலையுறை நிலத்தின் தளர்வை அவ்வீழ்ச்சிக்குரிய காரணங்களுள் ஒன்றாகச் சுட்டுகின்றனர். அதே கரையிற் சிறிது தெற்கே, 2000 நவம்பர் 21 ஆந் திகதி பாற்றூட் என்னுமிடத்தில் மலை சரிந்தபோது, எதிர்க்கரையிலிருந்த குல்லிசாற் என்னும் நிலக்கரிச் சுரங்க நகரின் கட்டடங்களை அலை தாக்கியது. நல்வினைப் பயனாக அந்நகர் 1972 இலேயே மக்களின்றிக் கைவிடப்பட்டிருந்தது.

கிழக்குக் கரையில் நடந்தது வேறு வகை. அங்கே டிக்சன் நுழைகழியின் மேலே, கடலிலிருந்து 1,200 மீற்றர் உயர்ந்த சிகரம் ஒன்று நின்றது. அதன் அடியைத் தாங்கியிருந்த பனிக்கட்டியாறு ஆண்டாண்டாக மெலிந்துவந்தது. முன்னே பனிக்கட்டியாறுகள் பின்வாங்கிய காலத்திலும், தாங்கல் இழந்த பள்ளத்தாக்குச் சுவர்கள் இன்றைய மயிரிழை வீதத்துக்கு மேலாகச் சரிந்திருக்கவேண்டும் என்று புவிச்சரிதவியலார் கருதுகின்றனர். பல குவைகள் இன்றைய வீதத்தாற் கணக்கிடும் அளவுக்கு மிஞ்சிப் பருத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். டிக்சனில் அப்பழைய செயல் நம் காலத்தில் மீண்டும் நிகழ்ந்தது. 2023 செப்டெம்பர் 16 ஆந் திகதி 25 மில்லியன் கனமீற்றருக்கு மேற்பட்ட பாறையும் பனிக்கட்டியும் கீழே வீழ்ந்தன. அலை 200 மீற்றர் உயரத்துக்கு எழுந்தது. எழுபது கிலோமீற்றருக்கு அப்பால், எல்லா தீவில் இருந்த இராணுவ நிலையத்தையும் அது சேதப்படுத்தியது. அங்கே அப்பொழுது ஒருவரும் இல்லாமையால் உயிர்ச்சேதம் இல்லை.

பூமியதிர்ச்சி அளக்கும் கருவிகள் உலகெங்கும் அன்றுமுதல் விளங்காத அதிர்வொன்றைப் பதிந்தன. பூமியதிர்ச்சியின் பதிவைப் போல் அது தாறுமாறாக எழுந்து அடங்கவில்லை. ஏறத்தாழ 90 செக்கனுக்கு ஒருமுறை, ஒரே சுருதியில், ஒன்பது நாள்கள் நீடித்தது. 15 நாடுகளைச் சேர்ந்த 68 விஞ்ஞானிகள் கூடி ஆராய்ந்து, 2024 இல் விடையை வெளியிட்டனர். ஒடுங்கிய அந்நுழைகழியிற் சிறைப்பட்ட நீர், தொட்டியை அசைத்தபோது ததும்புவது போல், கரைக்குக் கரை ததும்பிக்கொண்டிருந்த அதிர்வு அது. இடத்தை உறுதிப்படுத்த அவர்களுக்குத் துணைநின்ற சான்றுகளுள், ராப் அன்று ரெம்ப்ளெற் மலையடியிற் கையாண்ட அதே பழைய முறையும் ஒன்று. வீழ்ச்சிக்கு முன் எடுத்த நிழற்படத்தையும் பின் எடுத்த நிழற்படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். முன்னதிற் சிகரம் இருந்தது, பின்னதில் இல்லை.